அம்மாவின் வளையலும் பார்சிலோனா போஸ்டரும்

கேள்வி: மதுரை மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முழுநேர ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பூ விற்கும் 14 பெண்களோடு ஏழு வாரம் உட்கார்ந்து, யூபிஐ பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தேன். ஏப்ரலில் பார்சிலோனாவில் நடக்கும் மனித-கணினி ஊடாட்ட ஆய்வு மாநாட்டில் அதைப் போஸ்டராக, அதாவது ஆய்வைச் சுருக்கிப் பலகையில் மாட்டி அருகில் நின்று விளக்கும் வடிவில், ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. "14 சாம்பிளோடு போனால் சிரிப்பார்கள், கூகுள் ஃபார்மில் 200 பேரிடம் சர்வே எடுத்துச் சேர்த்துவிடு" என்கிறார் கைடு. "கான்ஃபரன்ஸுக்கு என்ன மதிப்பு, ஜர்னல்தான் கணக்கு" என்கிறார்கள் துறையில். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், சரளமாகப் பேச வராது. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் ஆகும் போலிருக்கிறது. வளையலை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார் அம்மா. போகலாமா? போனால் அங்கே என்ன செய்வது? போஸ்டர் நகலையும் என் களக் குறிப்பு நோட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போஸ்டர் நகலை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டவற்றுக்கு வருமுன் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பயணக் குறிப்பாகிவிடும்.

வலது கீழ் மூலையில், 'பிற குறிப்புகள்' என்ற தலைப்பின் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 14 பேரில் 9 பேரின் க்யூஆர் அட்டை அவர்களுடைய கணக்கோடு இணைந்ததில்லை, மகன், மருமகன், கணவர் என்று வேறு யாருடைய வங்கிக் கணக்கோடோ இணைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டி பூக்கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முழம் மல்லிகைக்குக் காசு விழுந்ததும் இருபது ரூபாய் வந்துவிட்டது என்று தெருவுக்கே அறிவிக்கிறது. வந்தது யாருக்கு? விற்றவருக்கு இல்லை. ராத்திரி மகன் வீடு திரும்பி, அவனுக்கு நினைவிருந்து, அவன் கையில் சில்லறையும் இருந்தால்தான் அந்த இருபது ரூபாய் அம்மாவின் சுருக்குப் பைக்கு வரும். விடிகாலையில் மார்க்கெட்டில் பூ எடுக்க அவருக்கு ரொக்கம் வேண்டும்.

இதைப் போய் மூலையில் போட்டிருக்கிறீர்களே! நடுவில் பெரிதாக இருப்பது, தெரு இரைச்சலில் பெட்டியின் குரல் எத்தனை தடவை கேட்காமல் போனது என்ற பட்டை வரைபடம். அது தப்பில்லை, உழைத்து எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் ஒலியைக் கூட்டினால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். மூலையில் இருக்கும் சிக்கல் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் தீராது. 'பெட்டி யாரிடம் பேசுகிறது, பணம் யாரிடம் போகிறது?' என்பதுதான் உங்கள் போஸ்டரின் தலைப்பாக இருக்க வேண்டும். பார்சிலோனாவில் உங்கள் முன்னால் வந்து நிற்பவர்களிடம் நீங்கள் வைக்கப்போகும் கேள்வியும் இதுதான். கையில் ஒரு நல்ல கேள்வி இருந்தால் மாநாடு பயன்படும். கேள்வி இல்லாமல் போகிறவர் சான்றிதழும் துணிப்பையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். என் முதல் மாநாட்டிலிருந்து நான் அப்படித்தான் திரும்பினேன்.

இந்த மாநாட்டை CHI என்ற அதன் ஆங்கில எழுத்துகளை வைத்து ஒரே சொல்லாகக் கூப்பிடுவார்கள். நம் காதில் அது அப்படியே 'கை' என்று விழும். மனிதனும் கணினியும் தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பற்றிய துறைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்காது என்று நான் சிரித்துக்கொள்வதுண்டு. 1982-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில் நடந்த கூட்டம்தான் அதன் வித்து. 1983-இல் பாஸ்டனில் இந்தப் பெயரோடு நடந்தது. தொடக்கத்திலேயே கணினிக்காரர்களும் உளவியலாளர்களும் ஒன்றாக வந்தார்கள், பின்னால் வடிவமைப்பாளர்களும் மானிடவியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் முன்னால் அடுத்தடுத்து வரும் நான்கு பேர் நான்கு துறைக்காரர்களாக இருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பழங்கதை. ஒருவர் 'எப்படி அளந்தீர்கள்?' என்பார், அடுத்தவர் 'அந்தப் பெண்களுக்கும் மகன்களுக்கும் உறவு எப்படி?' என்பார். இரண்டும் அங்கே நியாயமான கேள்விகள். ஒன்றுக்குத் தயாராகி இன்னொன்றில் திகைத்து நிற்காதீர்கள்.

இனி 14. கைடு உங்கள்மேல் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. கெல்லி கெய்ன் என்ற ஆய்வாளர் 2014-ஆம் ஆண்டு இதே மாநாட்டில் வெளியான கட்டுரைகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேரை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி 2016-இல் வெளியிட்டார். அடிக்கடி வந்த எண்ணிக்கை 12. நீங்கள் இரண்டு பேர் கூடுதலாகவே வைத்திருக்கிறீர்கள்! அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை, 12 என்பது வழக்கம் மட்டுமே, அதுவே நியாயமாகிவிடாது. உங்கள் நியாயம் வேறு. நீங்கள் கேட்டது 'எத்தனை சதவீதம் பேர்' என்ற கேள்வி இல்லை. ஒரு பெட்டி ஒரு குடும்பத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும், ஏழு வாரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தக் கூகுள் ஃபார்மை யார் நிரப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பூக்காரம்மாவா? உங்கள் விடுதித் தோழிகளும் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களும்தான். பூ விற்பவர்களைப் பற்றிய ஆய்வில் பூ வாங்குகிறவர்களின் கருத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அதோடு, மதிப்பாய்வாளர்கள் படித்து ஏற்றுக்கொண்ட வேலைக்குள் அவர்கள் கண்ணில் படாத ஒரு சர்வேயைப் பின்னால் செருகுவது முறையும் இல்லை. 'சார், போஸ்டரை ஏற்றுக்கொண்டபடியே விட்டுவிடலாம், சர்வேயைப் பெரிய கட்டுரை எழுதும்போது யோசிக்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்த கைடுகளில் பாதிப் பேர் 'பெரிய கட்டுரை' என்றதும் சமாதானமாகிவிடுவார்கள்.

'என் ஊர்க் கதை அங்கே யாருக்கு வேண்டும்' என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 2016 முதல் 2020 வரை இந்த மாநாட்டில் வெளியான ஆய்வுகளை செபாஸ்டியன் லின்க்சென் குழு அலசி, 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆய்வுகளில் 73 சதவீதம் மேற்கத்திய நாட்டுப் பங்கேற்பாளர்களை வைத்தே நடந்தவை. அந்த நாடுகளின் மக்கள் உலக மக்கள்தொகையில் 12 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமிருக்கும் பெருங்கூட்டத்தைப் பற்றி அங்கே பேச ஆள் போதவில்லை என்று அவர்களே கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மன்னிப்புக் கேட்கும் குரலில் பேச வேண்டாம். மறுபக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் போஸ்டரின் முதல் வரி 'ஏழை, எழுத்தறிவற்ற பெண்கள்' என்று தொடங்குகிறது. அதை எடுத்துவிடுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மீதிச் சில்லறையை உங்களுக்கும் எனக்கும் முன்னால் கணக்குப் போட்டு நீட்டுகிறவர்கள் அவர்கள். 'பூ விற்பவர்கள், பெரும்பாலும் ரொக்கத்தில் தொழில் நடத்துபவர்கள்' என்று தொழிலைச் சொல்லுங்கள். படிக்க வராது என்பதை ஆய்வுக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் சொன்னால் போதும்.

துறைக்காரர்கள் கான்ஃபரன்ஸை மதிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கம் நடக்கிற 'சர்வதேச மாநாடு'களில் பலவற்றை நானும் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் ஏற்புக் கடிதம், ஏழாயிரம் எட்டாயிரம் கட்டணம், ஒரே அறையில் ஒரு மணி நேரத்துக்கு இருபது பேர், கடைசியில் குத்துவிளக்கோடு ஒரு குழுப் புகைப்படம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லா மாநாடும் அப்படித்தான் தெரியும். கணினித் துறையில், அதிலும் இந்த உட்பிரிவில், முழுக் கட்டுரைகள் முதலில் மாநாட்டுக்குத்தான் போகின்றன. எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது, மதிப்பிடுபவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. 2025-இல் யோகோஹாமாவில் நடந்தபோது 5,000-க்கு மேற்பட்ட முழுக் கட்டுரைகள் வந்து, சுமார் 1,250 தேறின. நாலுக்கு ஒன்று.

ஆனால் இதைத் துறையில் சொல்லும்போது ஒரு நேர்மை வேண்டும். உங்களுடையது முழுக் கட்டுரை இல்லை. போஸ்டருக்குச் சல்லடையின் கண் கொஞ்சம் பெரியது, அளவும் சின்னது. அதை முழுக் கட்டுரைக்கு நிகராகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். கல்லூரி வாசலில் யாராவது ஃப்ளெக்ஸ் வைக்கக் கிளம்பினாலும் தடுத்துவிடுங்கள். போஸ்டரில் ஒரு வசதி உண்டு: வேலை முடியாத நிலையிலேயே நல்ல மனிதர்களிடம் காட்டித் திட்டு வாங்கலாம், பிறகு அதையே வளர்த்து முழுக் கட்டுரையாக எழுதலாம். உங்கள் பல்கலைக்கழக விதி ஜர்னல் கேட்டால் அதையும் எழுதத்தான் வேண்டும், விதியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

போஸ்டரை எப்படிச் செய்வது என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு மாநாட்டில் என் முதல் போஸ்டரை மாட்டினேன். கட்டுரை முழுவதையும் அதில் ஒட்டியிருந்தேன், கிட்டத்தட்ட ஒரு தினத்தாளின் உள்பக்கம். வந்தவர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், நகர்ந்தார்கள். ஒரு மணி நேரம் சிரித்த முகத்தோடு நின்றதில் கன்னம் வலித்தது. கடைசியில் வயதான ஒரு பெண்மணி வந்து, நான் எழுதியிருந்த எதையும் படிக்காமல், ஓரத்திலிருந்த புகைப்படத்தைக் காட்டி, "இவர்கள் யார்? இங்கே தொங்கிக்கொண்டிருப்பது இவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. படிவத்தில் அவர்களிடம் கைநாட்டு வாங்கியிருந்தேன். முகம் கடல் தாண்டிப் போய்ப் பலகையில் தொங்கும் என்று வாயால் யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும்தான். அந்த மாநாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே கேள்வி அது. அதற்குப் பிறகு நான் செய்த எல்லா ஆய்விலும் அது கூடவே வருகிறது.

உங்கள் போஸ்டரில் இரண்டு முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கிளம்புவதற்கு முன் ஒரு சாயங்காலம் அந்த இரண்டு அக்காக்களிடமும் போங்கள். போஸ்டரைக் கையோடு கொண்டுபோய், இது எங்கே, யார் முன்னால் தொங்கும், இணையத்திலும் கிடைக்கும் என்று தமிழில் சொல்லுங்கள். சரி என்றால் இருக்கட்டும், தயங்கினால்கூட முகத்தை எடுத்துவிட்டுக் கையையும் கூடையையும் பெட்டியையும் காட்டுங்கள். அந்தப் படமே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று: 9 பேரின் பணம் வேறொருவர் கணக்குக்குப் போகிறது என்பது வீட்டு விஷயம். யார் என்று அடையாளம் தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது. 'வடக்கு வாசலில் மூன்றாவது கடை' என்று ஒரு குறிப்பு போட்டிருக்கிறீர்கள், மதுரைக்காரர் ஒருவர் பார்த்தால் போதும். அழித்துவிடுங்கள்.

மற்றபடி, போஸ்டரில் சொற்கள் குறையட்டும். மேலே அந்தக் கேள்வி, எட்டடி தூரத்திலிருந்து படிக்கிற அளவில். நடுவே ஒரு படம்: வாடிக்கையாளர் செல்போன், பெட்டி, பூக்காரம்மா, மகனின் கணக்கு, மறுநாள் காலையின் பூ மார்க்கெட் என்று இருபது ரூபாய் நடக்கும் பாதை. உங்கள் நோட்டில் கையால் வரைந்திருந்தீர்களே, அதுவே நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே அந்தப் பெண்கள் சொன்ன இரண்டு வாக்கியம், தமிழிலும் ஆங்கிலத்திலும். தமிழை விட்டுவிடாதீர்கள், எழுத்தைப் பார்த்தே நாலு பேர் நிற்பார்கள். யூபிஐ என்றால் என்ன என்று ஒரு வரி வேண்டும், 2016-இல் வந்தது, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேரே போவது என்று. இருபது ரூபாய் எத்தனை யூரோ என்பதையும், ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு படத்தையும் போட்டுவிடுங்கள். நமக்கு டீக்கடைதோறும் கேட்டுச் சலித்த குரல் அது, வருகிறவர்களில் பலர் அப்படியொரு பொருளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அச்சைத் துணியில் போடுங்கள். காகிதத்தில் போட்டால் நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு விமானம் விமானமாக அலைய வேண்டும், துணியென்றால் மடித்துச் சேலைக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஃப்ளெக்ஸ் போடும் கடைகள் சிலவற்றிலேயே துணியிலும் அச்சிட்டுத் தருகிறார்கள். கடைக்காரர் அடிக்கணக்கில்தான் கேட்பார். ஏ0 அளவு என்றால் 84.1 சென்டிமீட்டருக்கு 118.9, அதாவது இரண்டே முக்கால் அடிக்கு நாலடியில் ஒரு விரல் குறைச்சல். மாநாட்டுக் குறிப்பில் எந்த அளவு, நெட்டுவாக்கிலா படுக்கைவாக்கிலா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஆங்கிலம். ஜப்பான், கொரியா, பிரேசில், ஜெர்மனி என்று வருகிறவர்களில் ஏராளமானவர்களுக்கு அது தாய்மொழி இல்லை. தடுமாறுகிறவரைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளித்து நான் கண்டதில்லை. மடமடவென்று ஒப்பிக்கிறவரைப் பார்த்துத்தான் ஒதுங்கிப் போவார்கள். போஸ்டரில் இருக்கும் பெரிய சௌகரியம், அது மேடைப் பேச்சு கிடையாது, பக்கத்தில் நின்று பேசும் பேச்சு. படத்தில் விரலை வைத்து 'இங்கே பாருங்கள்' என்று தொடங்கலாம். இரண்டு நீளத்தில் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று இரண்டே வாக்கியம், கடந்து போகிறவரை நிறுத்துவதற்கு. இன்னொன்று இரண்டு நிமிடம், நின்றவருக்கு. அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை, அவர்கள் கேட்பார்கள். ஒத்திகையை முதலில் தமிழில் பாருங்கள், அதுவும் பூக்கடையிலேயே. "இல்ல பாப்பா, அப்படி இல்ல" என்று ஒருவர் திருத்தினால் அதைவிடப் பெரிய மதிப்பாய்வு கிடையாது. ஆங்கிலத்துக்கு ஒரு தோழியை நிற்கவைத்து, நடுவில் வேண்டுமென்றே குறுக்கே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லலாம். 'நீங்கள் கேட்பது இதுவா?' என்று நமக்குத் தெரிந்த சொல்லில் திருப்பிக் கேட்பது இன்னும் நல்லது, யோசிக்க நாலு நொடியும் கிடைக்கும்.

நிச்சயம் வரும் என்று நான் பந்தயம் கட்டும் கேள்விகள் சில உண்டு. 'படிக்கத் தெரியாதவரிடம் எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள்?' வாய்மொழியாகச் சொல்லி ஒலிப்பதிவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள். 'அவர்களுடைய நேரத்துக்கு என்ன கொடுத்தீர்கள்?' 'மகன் கணக்குக்குப் போவதை அந்தப் பெண்கள் பிரச்சினையாக நினைக்கிறார்களா, நீங்கள் நினைக்கிறீர்களா?' இந்தக் கடைசிக் கேள்விதான் கடினம். உங்கள் குறிப்பில் ஒரு பாட்டி, காசு கையில் இருந்தால் செலவாகிவிடும், மகனிடம் இருந்தால் சேரும் என்று சொல்லியிருக்கிறார். அதை ஒளிக்காதீர்கள். உங்கள் வாதத்துக்கு எதிராகத் தெரியும் அந்த ஒரு வாக்கியத்தை நீங்களே எடுத்து முன்னால் வைத்தால், கேட்பவர் உங்களை நம்பத் தொடங்குவார்.

'இதில் புதிதாக என்ன?' என்றும் ஒருவர் கேட்பார். அதற்கு ஒரு பழைய வேலையைப் படித்துவிட்டுப் போங்கள். 2010-இல் அட்லாண்டாவில் நடந்த இதே மாநாட்டில் நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும், பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் ஒருவருக்காக இன்னொருவர் கருவியை இயக்கித் தரும் வழக்கத்தைப் பற்றி எழுதினார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போனை இயக்கித் தருகிறான், பாட்டி பயனடைகிறார், பயன்படுத்துபவர் யார்? இதுதான் அவர்கள் எழுப்பிய சிக்கல். உங்கள் பூக்காரம்மாவின் நிலை அதற்குத் தலைகீழ். பெட்டியைப் பயன்படுத்துகிறவர் அவரே, பயன் போய்ச் சேருவது வேறொருவருக்கு. இந்த ஒரு வரியைச் சொல்ல முடிந்தால் உங்கள் வேலை முன்னவர்கள் வேலையோடு கைகோத்துக்கொள்ளும். போஸ்டரில் இந்தக் கட்டுரையைப் பற்றிய பேச்சே இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அங்கே ஐந்து நாளும் என்ன செய்வது? ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சுகள் நடக்கும். எல்லாவற்றுக்கும் ஓடினால் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர் மாதிரி ஆகிவிடுவீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு போதும். மீதி நேரம் காபி இடைவேளையிலும் மற்றவர்களின் போஸ்டர்களுக்கு முன்னாலும் இருங்கள். நிகழ்ச்சி நிரல் வந்ததும் பணம், குடும்பம், கருவியைப் பகிர்ந்துகொள்ளுதல் என்று எழுதுகிற நாலைந்து பேரைக் குறித்துக்கொண்டு, போவதற்கு முன்பே மின்னஞ்சல் போடுங்கள். மூன்று வரி போதும்: நான் இதைப் பார்த்தேன், இந்தக் கேள்வி எனக்கு இருக்கிறது, என் போஸ்டர் இந்த நேரத்தில், முடிந்தால் வாருங்கள். இரண்டு பேர் வந்தாலே பெரிது. கென்யாவில் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை 2007-இலிருந்து இருக்கிறது, பிரேசிலில் நம் யூபிஐ போன்ற பிக்ஸ் 2020-இல் வந்தது. அந்த நாட்டு ஆய்வாளர் எவரையாவது கண்டால் விடாதீர்கள். 'உங்கள் ஊர்ச் சந்தையில் பாட்டியின் காசு யார் கணக்குக்குப் போகிறது?' என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் உங்கள் முழுக் கட்டுரை பிறக்கும் என்பது என் ஊகம். பெரிய பெயர்களோடு செல்ஃபி எடுக்க அலைவது உங்கள் விருப்பம், நானும் எடுத்திருக்கிறேன். எந்தத் தொலைபேசியில் இருக்கிறது என்று இப்போது தெரியவில்லை.

ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் ஓரமாக ஒதுங்கி, வந்தவர் பெயரையும் அவர் கேட்ட கேள்வியையும் எழுதிவைத்துவிடுங்கள். ராத்திரி எழுதலாம் என்று விட்டால் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

பயண ஏற்பாட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஸ்பெயினுக்கான விண்ணப்ப மையம் சென்னையிலேயே உண்டு. முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், இழுத்தால் 45 நாள்கூட ஆகலாம், ஆகவே இந்த வாரமே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மாநாட்டின் அழைப்புக் கடிதம், கல்லூரியின் ஆட்சேபணையின்மைக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். மாநாட்டின் கடைசித் தேதிகளுக்குப் பக்கத்தில் 'பூமியில் எங்கும்' என்று போட்டிருப்பார்கள். உலகத்தில் கடைசியாக அந்த நாள் முடியும் இடத்தின் கணக்கு அது. நமக்கு மறுநாள் மாலை ஐந்தரை மணி. அந்த அரை நாளை நம்பித் தூங்கிவிடாதீர்கள். பார்சிலோனாவில் ஜேப்படி அதிகம், பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் களைகட்டும். சைவமென்றால் தக்காளி தேய்த்த ரொட்டி எங்கும் கிடைக்கும், கூடவே கொஞ்சம் பருப்புப் பொடி எடுத்துப் போங்கள்.

இனி, நீங்கள் கடைசியாகத் தயங்கித் தயங்கி எழுதிய விஷயம். வளையலை அடகு வைக்காதீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஒரு போஸ்டருக்காக அது வேண்டாம். முழுக் கட்டுரையாக இருந்திருந்தால்கூட நான் இரண்டு முறை யோசித்திருப்பேன்.

முதலில் கேட்க வேண்டிய இடங்களில் கேளுங்கள். ஏசிஎம் என்ற சர்வதேசக் கணினியாளர் அமைப்பில் இந்த மாநாட்டை நடத்தும் மனித-கணினி ஊடாட்டப் பிரிவான சிக்கை, கேரி மார்ஸ்டன் பெயரில் பயண உதவி தருகிறது. அவர் கேப் டவுனில் பேராசிரியராக இருந்தவர், ஆப்பிரிக்காவில் இந்தத் துறையை வளர்த்தவர், 2013-இல் மறைந்தார். உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்த உதவியே இருக்கிறது. இந்தச் சுற்று திறந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப் தரும் பயண உதவியையும், ஏசிஎம் இந்தியா தரும் உதவியையும் பாருங்கள். போஸ்டருக்குத் தருவார்களா, முழுக் கட்டுரைக்கு மட்டுமா என்ற நிபந்தனையை முதலில் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், பாதிப் பதிவுக் கட்டணம் கொடுத்தாலும் லாபம்தான். பதிவுப் பக்கத்தில் மாணவர் கட்டணம் தவிர நாட்டைப் பொறுத்த சலுகையும் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவத் தொண்டராகச் சேர்ந்தால் சுமார் 20 மணி நேரம் வேலை செய்து பதிவுக் கட்டணமில்லாமல் கலந்துகொள்ளலாம். குலுக்கல் முறையில் மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவார்கள் என்பதால் அதை அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பல உதவித்தொகைகள் போய்வந்த பிறகு ரசீதைப் பார்த்துத்தான் கைக்கு வரும். முன்பணம் உண்டா, டிக்கெட்டை நேரடியாகவே எடுத்துத் தருவார்களா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். உதவி உறுதி என்று எழுத்தில் வந்தபின், திரும்பி வரும் தொகைக்குள் அடங்கும் கைமாற்று வாங்குவது வேறு. உறுதியில்லாமல் நகையை வைப்பது வேறு.

எதுவும் கிடைக்கவில்லை என்றால், பதிவைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் ஏற்பாட்டாளர்களுக்கு உடனே எழுதுங்கள். நிலைமையைச் சொல்லி, தொலைவிலிருந்து வழங்கவோ உடன் எழுதியவர் சார்பில் நிற்கவோ வழி உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, விசா கிடைக்காதவர்களும் பணமில்லாதவர்களும் எழுதுவது அவர்களுக்குப் பழக்கமான விஷயம். அப்படியும் நடக்காவிட்டால், அந்த நாலைந்து மின்னஞ்சல்களை மட்டும் எப்படியும் அனுப்பிவிடுங்கள், போஸ்டரை இணைத்து. நம் நாட்டிலேயே இதே துறைக்கான இந்தியா எச்சிஐ மாநாடு நடக்கிறது, ரயிலில் போய்வரலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாடு நாடாகச் சுற்றும், இதே துறையின் இன்டராக்ட் மாநாடு 2017-இல் மும்பை ஐஐடிக்கே வந்தது. அங்கே டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரோடு தொடங்கிய பேச்சுதான் பிறகு இரண்டு வருட வேலையானது. அதற்கு எனக்கு ஆன செலவு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட்.

இந்த வார வேலை இவ்வளவுதான்: திங்கட்கிழமை பயண உதவி விண்ணப்பங்கள், செவ்வாய் விசாவுக்கு நேரம் குறிப்பது, புதன் மாலை பூக்கடை. போஸ்டரின் புதிய நகலை எனக்கும் அனுப்புங்கள், மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.